அப்பாவுக்கு, அந்த மின்னும் ஷூவைப் பற்றி

சான் அன்டோனியோ, டெக்சாஸ்
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். உங்கள் நலமறிய ஆவல். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டீர்கள்: "நான் அனுப்பிய ஷூ பிள்ளைக்குப் பிடிக்கவில்லையா? ஏன் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போவதில்லை?" பக்கத்தில் அம்மா இருக்கிறார் என்பதால் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அது பொய். அளவு கச்சிதம். உங்களிடம் பொய் சொன்னது ஐந்து நாளாக உறுத்துகிறது. போனில் சொல்ல முடியாததை எழுதியாவது சொல்லிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம். அம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டாம்.

முதல் நாள் ஆசையாகத்தான் போட்டுக்கொண்டு போனாள். அன்று பள்ளியில் லாக்டவுன் பயிற்சி. நமக்கு அது கொரோனாவோடு வந்த சொல். இங்கே இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அதன் பொருள் வேறு. துப்பாக்கியோடு யாராவது பள்ளிக்குள் நுழைந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பழக்குகிறார்கள். ஒலிபெருக்கியில் மூன்று கட்டளைகள் வரும்: பூட்டு, விளக்கு, கண்ணில் படாதே. ஆசிரியை கதவைப் பூட்டி விளக்கை அணைப்பார். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தால் தெரியாத மூலையில், சுவரோடு ஒட்டி, பிள்ளைகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். உங்கள் பேத்திக்குக் கால் மரத்துப்போய்ச் சற்று அசைத்திருக்கிறாள். இருட்டில் ஷூவின் அடியில் சிவப்பும் நீலமுமாக மின்னியிருக்கிறது. பக்கத்தில் இருந்த பையன் சட்டென்று குனிந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் அவள் ஷூவைப் பொத்திப் பிடித்துக்கொண்டானாம். பயிற்சி முடியும் வரை கையை எடுக்கவே இல்லையாம்.

இதை அவள் அழாமல், தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள். "நாளைக்கு அது வேண்டாம் அம்மா, நிஜமாக வந்தால் என் கால் காட்டிக்கொடுத்துவிடும்" என்றாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பயிற்சிதானே என்று நீங்கள் நினைக்கலாம். யுவால்டி என்ற சிற்றூர் இங்கிருந்து மேற்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டர். மதுரையிலிருந்து திருச்சி போகிற தூரம்தான். 2022 மே 24, செவ்வாய்க்கிழமை. கோடை விடுமுறைக்கு இரண்டு நாள்தான் பாக்கி. அங்குள்ள ராப் தொடக்கப் பள்ளிக்குள் 18 வயதுப் பையன் ஒருவன் ரைஃபிளோடு நுழைந்து 19 பிள்ளைகளையும் இரண்டு ஆசிரியைகளையும் கொன்றான். பல துறைகளிலிருந்தும் போலீஸார் மொத்தம் 376 பேர் வந்து சேர்ந்தார்கள். உள்ளேயிருந்து பிள்ளைகள் போன் செய்து உதவி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படியிருந்தும் அவன் நுழைந்த நேரத்திலிருந்து அவனைச் சுட்டு வீழ்த்தும் வரை 77 நிமிடங்கள் போய்விட்டன. பெற்றோர்கள் வெளியே நின்று கதறினார்கள்.

அடுத்த ஆண்டு நாங்கள் அங்கே போனோம். ஊர் நடுவில் நீரூற்றைச் சுற்றி 21 வெள்ளைச் சிலுவைகள். பொம்மைகளும் பூக்களும் வெயிலில் நிறம் மாறிக் கிடந்தன. ஒரு சிலுவையின் அடியில் மட்டும் யாரோ புதிய க்ரேயான் பெட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. திரும்பி வரும்போது வழியெல்லாம் நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

"பயமாக இருந்தால் நீங்களும் துப்பாக்கி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாமே" என்று போன மாதம் சொன்னீர்கள். இங்கேயும் பலர் அதைத்தான் சொல்கிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் ராணுவத்தில் இருந்தவர். நாங்கள் வந்த புதிதில், 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் மின்சாரமும் தண்ணீரும் நின்றுபோனபோது, விறகும் குடிதண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். அவரிடம் ஐந்து துப்பாக்கிகள் இருக்கின்றன. எல்லாம் இரும்புப் பெட்டகத்தில். அவர் வளர்ந்தது போலீஸ் வந்து சேர ஒரு மணி நேரமாகும் பண்ணையில். யுவால்டியைப் பற்றி நான் பேச்செடுத்தபோது அவர் கண்கள் கலங்கிவிட்டன. ஆனால் அவர் கேட்டது இது: "அத்தனை பேர் வெளியே நின்றார்களே, நாளை உன் வீட்டுக் கதவை ஒருவன் உடைத்தால் யாரை நம்புவாய்?" எனக்குப் பதில் தெரியவில்லை.

இந்த மனிதரை என்னால் கெட்டவர் என்று நினைக்க முடியாது, அப்பா. அதே சாவுகளைப் பார்த்துவிட்டு அவர் துப்பாக்கி வேண்டும் என்கிறார், நான் வேண்டாம் என்கிறேன். இந்த நாட்டில் வயது வந்தவர்களில் பத்துக்கு மூன்று பேரிடம் சொந்தத் துப்பாக்கி இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் சொல்லும் காரணம் தற்காப்புதான். 1791இல் அரசமைப்புச் சட்டத்தில் சேர்த்த ஒரே ஒரு வாக்கியத்தில்தான் எல்லாம் நிற்கிறது. அந்த வாக்கியம் மக்கள் படையைப் பற்றியும் பேசுகிறது, ஆயுதம் வைத்திருக்க மக்களுக்குள்ள உரிமையைப் பற்றியும் பேசுகிறது. படைக்கான உரிமையா, தனி ஆளுக்கான உரிமையா என்று நெடுங்காலம் வாதாடினார்கள். 2008இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தனி ஆளின் உரிமை என்று தீர்ப்பளித்தது. 2022இல் அந்த உரிமையை வீட்டு வாசலுக்கு வெளியேயும் நீட்டியது. எங்கள் மாநிலம் அதற்கும் முந்திக்கொண்டது: 2021 செப்டம்பர் முதல், சட்டத்தால் தடை செய்யப்படாத, 21 வயது நிறைந்த எவரும் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியோடு நடமாடலாம்.

பெரியப்பாவின் ஒற்றைக் குழல் துப்பாக்கியைப் பற்றி ஒரு நாள் அந்தப் பெரியவரிடம் சொன்னேன். தோட்டத்தில் காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தாரே, தேர்தல் அறிவித்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டுச் சீட்டு வாங்கி வருவாரே, அதை. அவர் நம்பவே இல்லை. "அரசாங்கம் கேட்டால் கொடுத்துவிடுவாரா?" என்று இரண்டு முறை கேட்டார். பெரியப்பா அந்த நாட்களில் பன்றி வந்தால் தகரத்தைத் தட்டினார் என்றேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

எங்களைப் பொறுத்தவரை, இவர் எச்-1பி விசாவில் இருப்பதால் துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டமே இடம் தராது. வேட்டை லைசென்ஸ் எடுத்துவிட்டால் அந்தத் தடை விலகும் என்று அலுவலக நண்பர் ஒருவர் வழி சொன்னார். அது உண்மைதான். ஆனால் வேண்டாம் என்று நாங்கள் தீர்மானித்துவிட்டோம். அதற்கு நீங்கள்தான் காரணம்.

நம் தெருவில் அந்த அக்கா மருந்து குடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். காலையில் வீட்டில் சண்டை. பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாளே நீங்கள் நம் வீட்டுத் திண்ணை மூலையிலிருந்த பூச்சிமருந்து டப்பாக்களை மோட்டார் ரூமுக்குக் கொண்டுபோய்ப் பூட்டினீர்கள். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டீர்கள். "நம் வீட்டில் யார் குடிக்கப்போகிறார்கள்?" என்று அம்மா சண்டை போட்டார். "கோபம் ஒரு மணி நேரம்தான் இருக்கும், அந்த ஒரு மணி நேரம் கைக்கு எட்டக் கூடாது" என்றீர்கள். 2021இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். அந்தச் சாவுகள் டி.வி.யில் வருவதில்லை. அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு மோட்டார் ரூம் பூட்டுதான் கண்முன் வந்தது. மருந்து குடித்தவரையாவது வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடலாம். துப்பாக்கி அதற்குக்கூட நேரம் தராது.

எனக்குக் கோபமே வருவதில்லை என்று எண்ணிவிடாதீர்கள். யுவால்டியில் சுட்டவன் 18 வயது நிறைந்த சில நாட்களுக்குள் இரண்டு ரைஃபிள்களைச் சட்டப்படி விலைக்கு வாங்கியவன். அந்த வயது வரம்பை 21 ஆக்குங்கள் என்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் டெக்சாஸ் சட்டமன்றத்தின் படியேறிக் கெஞ்சினார்கள். 2023இல் அதற்கான மசோதா சட்டமன்றக் குழு ஒன்றில் மட்டும் நிறைவேறியது. ஆனால் முழு அவையில் வாக்கெடுப்புக்கே வராமல் செத்துப்போனது. அவர்கள் ஒரு துப்பாக்கியையும் பிடுங்கச் சொல்லவில்லை. மூன்று ஆண்டு பொறுக்கச் சொன்னார்கள். ஃபுளோரிடாவும் துப்பாக்கியை நேசிக்கிற மாநிலம்தான். 2018 பிப்ரவரியில் பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேர் இறந்தபோது, மூன்றரை வாரத்துக்குள் அங்கே வயது வரம்பை 21 ஆக்கிவிட்டார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கடையில் வாங்கினால் படிவம் உண்டு, குற்றப் பின்னணிச் சோதனை உண்டு. ஒருவர் இன்னொருவருக்குத் தனிப்பட்ட முறையில் விற்றால் இந்த மாநிலத்தில் அந்தச் சோதனையும் தேவையில்லை. இதைச் சரிசெய்ய யாருடைய உரிமையையும் பறிக்க வேண்டியதில்லை என்றுதான் நான் மனதார நம்புகிறேன்.

எனக்கு இங்கே ஓட்டு இல்லை. என்னால் முடிந்தது ஒரு கேள்வி. குழந்தை மருத்துவர் தடுப்பூசியைப் பற்றிக் கேட்கும்போதே வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா என்றும் கேட்டார். பிள்ளையை விளையாட அனுப்பும் வீடுகளிலும் இதைக் கேளுங்கள் என்றார். கேட்பது எவ்வளவு கடினம் தெரியுமா அப்பா? விருந்துக்கு அழைத்தவர் வீட்டில் போய், சமையலறை சுத்தமா என்று கேட்பது போல இருக்கிறது.

போன வாரம் பேத்தியின் தோழி வீட்டில் விளையாட அழைத்தார்கள். நாலு முறை போனை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, ஐந்தாவது முறை கேட்டுவிட்டேன். அந்தப் பெண் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இரண்டு இருக்கின்றன. ஒன்று பெட்டகத்தில். இன்னொன்று கட்டிலுக்குப் பக்கத்து மேசை இழுப்பறையில்" என்றார். பூட்டு இல்லையா என்றேன். இல்லை என்றார். அன்று பிள்ளையை அனுப்பவில்லை. அவர்கள் பிள்ளையை எங்கள் வீட்டுக்கு வரவழைத்து இட்லி கொடுத்தேன். அவர் கோபித்துக்கொண்டிருப்பார், இனி பேச மாட்டார் என்றே எண்ணியிருந்தேன்.

நேற்று அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. சிறிய இரும்புப் பெட்டி, எண்களை அழுத்தித் திறக்கும் பூட்டு. கீழே, "சனிக்கிழமை வரலாமா?" என்று கேட்டிருந்தார்.

நாளை சனிக்கிழமை. அனுப்பப் போகிறேன். அங்கே லாக்டவுன் பயிற்சி கிடையாது என்பதால் தாத்தாவின் ஷூவைத்தான் போட்டுக்கொண்டு போவாளாம். இப்போதே எடுத்து வாசலில் வைத்திருக்கிறாள்.

உங்கள் அன்பு மகள்