வளரறி மதிப்பீட்டுக்கு மதிப்பெண் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியாகி, பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது முதல், பள்ளிகளில் மாணவரை மதிப்பிடும் முறை பற்றிய விவாதம் மீண்டும் சூடுபிடித்திருக்கிறது. தேர்வைக் குறைத்தால் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடமாட்டார்கள் என்று ஒரு சாராரும், தேர்வுதான் பிள்ளைகளை வாட்டுகிறது என்று மற்றொரு சாராரும் வாதிடுகிறார்கள். காரைக்குடியை அடுத்த ஓர் அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளியில் கணித ஆசிரியராகவும், பின்னர் தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வுபெற்றவன் நான். இரு சாராரும் தொடாமல் விட்ட ஓர் இடம் உண்டு என்பது என் கருத்து. பழுதுபட்டிருப்பது ஆண்டிறுதித் தேர்வைவிட, ஆண்டு முழுவதும் நடப்பதாகக் கணக்குக் காட்டப்படும் வளரறி மதிப்பீடுதான்.

கல்வி உரிமைச் சட்டம், 2009 தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீட்டை வலியுறுத்தியது. அதையொட்டித் தமிழகத்தில் 2012-13 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும் இந்த மதிப்பீடும் சேர்ந்தே வந்தன. பருவத்தின் முடிவில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண், பருவம் நெடுக நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண். அந்த 40-இல் பாதி செயல்பாடுகளுக்கு, பாதி சிறுதேர்வுகளுக்கு. இரண்டையும் கூட்டி ஏ1 முதல் இ2 வரை ஒரு தரநிலை. பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே எந்தப் பிள்ளைக்கு எது விளங்கவில்லை என்று கண்டுகொண்டு, கற்பிக்கும் விதத்தை அங்கேயே மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே இதன் நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

குறை அந்த 40 மதிப்பெண்ணில் இருக்கிறது. மதிப்பெண் என்று வந்துவிட்டால் அதைப் பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும். குறைத்துப் போட்டால் மேலே இருப்பவர்களுக்கும் பெற்றோருக்கும் விளக்கம் சொல்லியாக வேண்டும். இந்தத் தொல்லை எதற்கென்று ஆசிரியர்கள் 36-க்கும் 40-க்கும் இடையில் ஓர் எண்ணை எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் ஏறத்தாழ ஒரே எண். ஆசிரியர்களைக் குறை கூறவும் எனக்கு மனமில்லை, ஏனென்றால் அந்த எண்ணை யாரும் படித்துப் பார்த்து ஒரு கேள்வி கேட்டதாக நான் அறியேன்.

செயல்பாடுகளின் கதை இன்னும் வேடிக்கையானது. சூரியக் குடும்பம் பற்றி ஒரு செயல்பாடு என்றால், பள்ளியருகே உள்ள ஸ்டேஷனரி கடையில் வண்ணம் பூசிய தெர்மாகோல் உருண்டைகள் மறுநாளே தொங்கும். அப்பா இரவு உட்கார்ந்து ஒட்ட, அம்மா அழகான கையெழுத்தில் பெயர் எழுத, பிள்ளை அதைக் காலையில் டவுன் பஸ்ஸில் நசுங்காமல் இரு கைகளாலும் தாங்கி வந்து ஆசிரியர் மேசையில் வைக்கும். வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் நடுவே எது இருக்கிறது என்று கேட்டால் விழிக்கும். மதிப்பெண் என்னவோ இருபதுக்குப் பத்தொன்பது! பருவம் முடிந்ததும் அவை பீரோவின் தலையில் ஏறித் தூசி படியும். வாங்கித் தர வசதியில்லாத வீட்டுப் பிள்ளை பழைய காலண்டர் அட்டையில் தானே வரைந்து கொண்டுவரும். உண்மையில் கற்றது அந்தப் பிள்ளைதான் என்றாலும், கண்காட்சி மேசையில் அதற்கு ஓர் ஓரந்தான் கிடைக்கும்.

ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனின் கணக்கு நோட்டு என் நினைவில் நிற்கிறது. 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்து, கரும்பலகையில் இருந்த சரியான விடையைக் கீழே பார்த்து எழுதியுமிருந்தான். அடுத்த பக்கத்தில் 2/3 + 1/4 = 3/7. தவறு அப்படியே இருக்கிறது: மேலே உள்ளவற்றை மேலேயும், கீழே உள்ளவற்றைக் கீழேயும் கூட்டுகிறான். இருபதில் பதினெட்டு என்ற பதிவு அவனுக்கு எதைச் சொல்லும்? அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் விடை அரையைவிடக் குறையுமா என்று நோட்டில் ஒரு வரி எழுதி, ஒரு காகிதத்தை மடித்துக் காட்டச் சொல்லியிருந்தால் போதும், அந்தத் தவறு அன்றைக்கே வேரோடு போயிருக்கும். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தக் கூடாது என்ற விதியைத் தமிழகம் தொடர்வதைக் குறை கூறுவோரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவனை அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வைத்திருந்தால், அதே கணக்கை அதே விதமாகச் சொல்லித்தர இன்னொரு முறை கேட்டிருப்பான், அவ்வளவே.

தவறை அன்றன்றே கண்டுபிடிப்பது நம் பகுதிக்குப் புதிதன்று. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன (அதாவது வணிகம் செய்யப் போன) நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையனாக, அதாவது பயிற்சி எடுபிடியாகச் சேர்ந்த சிறுவன், மூத்தவர்களின் பார்வையிலேயே கணக்குக் குறிப்பெழுதக் கற்றான். ஏட்டில் உள்ள இருப்பும் பெட்டியில் உள்ள பணமும் ஒத்துவராவிட்டால், பிழை எந்த வரியில் என்று தேடித் திருத்த வேண்டும். அவனுக்கு யாரும் மதிப்பெண் போடவில்லை. ஆயினும் ஐந்தொகை என்னும் இருப்புநிலைக் கணக்குப் போடுமளவுக்குத் தேறினான். இதைச் சொல்வதால் அந்தக் காலமே பொற்காலம் என்று கூறுவதாக யாரும் கொள்ள வேண்டாம். முந்திரி, மாகாணி என்று பழைய பின்ன வாய்பாடுகள் கொண்ட எண்சுவடியை ஒப்பிக்கச் செய்த அதே திண்ணைப் பள்ளிக்கூடங்களில்தான் பிள்ளைகளைக் கோதண்டம் என்னும் தண்டனைக் கயிற்றில் தொங்கவிட்டார்கள்.

கற்பிக்கும் முறைகளுக்கும் இதே கதிதான். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி 2007-08-இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலின் பாட அட்டைகளும், பிள்ளை எட்டிய நிலையைக் காட்டும் ஏணிப்படிகளும், 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளும் ஒரே சிந்தனையில் பிறந்தவை: பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதைவிட, எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்துக் கற்பிப்பது. இதைவிடச் சரியான சிந்தனை இருக்க முடியாது. ஆனால் ஐந்து வகுப்புகளை இரண்டு ஆசிரியர்கள் பார்க்கும் ஈராசிரியர் பள்ளியில், பிள்ளை நிற்கும் படியைப் பார்க்க வேண்டிய நேரத்தை, அதைக் கைபேசிச் செயலியில் ஏற்றும் வேலை தின்றுவிடுகிறது. கடைசி பெஞ்சே இல்லாதபடி வகுப்பறையில் 'ப' வடிவில் இருக்கை போடுவது பற்றி 2025 ஜூலையில் எழுந்த சர்ச்சையை நான் பெரிதாகக் கருதவில்லை. பெஞ்சை எப்படிப் போட்டாலும் நோட்டை யார் திருத்துகிறார் என்பதே கேள்வி.

ஆகவே என் யோசனை இதுதான். வளரறி மதிப்பீட்டிலிருந்து மதிப்பெண்ணை அடியோடு நீக்கிவிட வேண்டும். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளைக்கு எது கைவந்திருக்கிறது, எது இன்னும் வரவில்லை, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு வரிகள் நோட்டிலும் தேர்ச்சி அட்டையிலும் எழுதப்பட வேண்டும். எந்த இணையத் தளத்திலும் அதைப் பதிவேற்றக் கூடாது. மதிப்பெண்ணையும் குறிப்பையும் சேர்த்தே கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். இஸ்ரேலில் கல்வி உளவியலாளர் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். குறிப்போடு மதிப்பெண்ணும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் காணப்படவில்லை. நம் பிள்ளைகளும் எண்ணைப் பார்த்த மறுகணம் நோட்டை மூடிவிடுவார்கள் என்பது வகுப்பறையில் நின்ற எவருக்கும் தெரியும்.

பெற்றோர் ஏற்பார்களா என்ற ஐயம் நியாயமானதே. பொதுத்தேர்வுகளில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-இல் கைவிட்ட பிறகும், தேர்வு முடிவு வந்த மறுநாள் பேருந்து நிலையத்தைச் சுற்றி பிளெக்ஸ் பலகைகள் முளைக்கத்தான் செய்கின்றன. அதனால்தான் தொகுத்தறித் தேர்வையும் அதன் தரநிலையையும் எடுத்துவிடச் சொல்லவில்லை. எண் வேண்டுவோருக்கு ஆண்டில் மூன்று முறை எண் கிடைக்கட்டும்.

இதை மாநிலமெங்கும் ஒரே நாளில் கொண்டுவர வேண்டும் என்பதில்லை. எங்கள் பகுதியின் சாக்கோட்டை ஒன்றியத்தில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் ஓராண்டு நடத்திப் பார்க்கலாம். ஆசிரியர்களுக்குத் துணையாக, வள்ளல் அழகப்பர் தொடங்கிய கல்வியியல் கல்லூரியின் பி.எட். மாணவர்களைப் பள்ளிப் பயிற்சிக் காலத்தில் இதில் ஈடுபடுத்தலாம். நாள்தோறும் பத்து நோட்டுகளைப் படித்துக் குறிப்பெழுதுவது அவர்களுக்கும் நல்ல பயிற்சியாகும். ஆண்டு முடிவில் ஆய்வுக்கு வரும் அலுவலர்கள் பதிவேட்டைக் கேட்காமல், ஜூன் மாத நோட்டையும் மார்ச் மாத நோட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்படி பள்ளிக் கல்வித் துறை ஆணையிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்,
காரைக்குடி.