பவளம் வெளிறிய பழி யாரைச் சேரும்?

தூத்துக்குடி

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளியில் சேர்ந்த செய்தி அறிந்து வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி. இங்கு யாவரும் நலம்; என் மூட்டுவலிதான் வருவதும் போவதுமாக இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் பவளம் அழிவதற்கு நம் கரைக்காரர்களே காரணம் என்றும், முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, வெட்டி விற்றவர்களுக்கு இப்போது புலம்ப உரிமை இல்லை என்றும் எழுதியிருந்தாய். அதற்கு மறுமொழி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீ சொல்வதில் பாதி உண்மை. சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கட்டுமானத்துக்கும் வள்ளம் வள்ளமாகக் கல் வந்திறங்கிய காலம் நம் இருவருக்கும் தெரியும். வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் நீரில் மூழ்கியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். ஆனால் 2001-இல் பவளம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தத் தொழிலும் அநேகமாக நின்றுவிட்டது. நாம் கையை எடுத்ததும் அந்தக் கேடு நின்றது. கடல் சூடேறுவதால் வரும் கேடு அப்படிப்பட்டதல்ல.

பவள உயிரின் தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு உணவும் நிறமும் தருகிறது. கோடையின் வழக்கமான உச்சத்தைவிடக் கடல்நீரின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடி, அந்தச் சூடு வாரக்கணக்கில் நீடித்தால், பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடுகிறது. கண்ணாடி போன்ற தசையின் ஊடே வெள்ளை எலும்புக்கூடு தெரிகிறது. இதைத்தான் வெளிறல் என்கிறார்கள். அப்போதும் அது சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. நீர் விரைவில் குளிர்ந்தால் தேறிவிடும். 2016-இல் நம் மன்னார் வளைகுடாவில் பல இடங்களில் அது தேறவில்லை. கிளைவிட்டு வளரும் வகைகளே பெரும்பாலும் மாண்டன. உருண்டு திரண்ட வகைகள் ஓரளவு தாங்கின. ஏறத்தாழ 39 விழுக்காடாக இருந்த உயிர்ப்பவளப் பரப்பு 23 விழுக்காடாகச் சுருங்கியது. செத்த பவளத்தின்மேல் சில வாரங்களிலேயே வேறு பாசி படர்ந்துவிடுவதால், மேலிருந்து பார்ப்பவர்கள் நிறம் திரும்பிவிட்டது என்று நம்பிவிடுவதும் உண்டு.

உலகளாவிய நான்காம் வெளிறல் அறிவிக்கப்பட்ட 2024-இல், இலட்சத்தீவிலும் ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டிலும் பவளம் வெளிறியது. அங்கே நம் வள்ளக்காரர்களா போய்க் கல் வெட்டினார்கள்? கரியமில வாயு முதலியவற்றால் புவியில் தேங்கும் கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. அந்த வாயுவை ஆண்டுக்குத் தலைக்குச் சுமார் 14 டன் வெளியிடும் அமெரிக்கரையும், சுமார் 2 டன் வெளியிடும் இந்தியரையும் 'மனித இனம்' என்ற ஒரே கூண்டில் நிறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அதற்காக நம்மை முழுவதும் விடுவிக்கவும் மாட்டேன். இந்தக் கரையிலேயே நிலக்கரி எரித்து 1,050 மெகாவாட் திறனில் ஓடிய அனல்மின் நிலையத்தின் மின்சாரத்தில்தான் இத்தனை காலம் நம் வீட்டு விளக்குகளும் எரிந்தன. நம் பங்கை ஒப்புக்கொள்வோம், அதன் அளவுக்கே ஒப்புக்கொள்வோம் என்பதுதான் என் வாதம்.

இங்குள்ள ஆய்வாளர்கள் பவளத்துண்டுகளைச் சிமெண்டுச் சட்டங்களில் கட்டிக் கடலடியில் வளர்க்கிறார்கள். நல்ல பணிதான், ஆனால் அடுத்த கோடைச் சூடு அவற்றையும் விட்டுவைக்காது. இதற்கு உன் மறுப்பு என்னவென்று விரிவாக எழுது.

அன்புடன்,
இராசேந்திரன்