அப்பா எழுதிய 48 வரிகள்

தூத்துக்குடி,
ஆகஸ்ட் 17

டேய் சேது,

ஒன்பது மாசமாகக் கடிதம் போடவில்லை என்று திட்டியிருந்தாய். திட்டு நியாயம்தான். போனில் பேசுவது கணக்கில் சேராது என்று சட்டம் போட்டவனே நான்தானே. அம்மாவுக்கு முட்டுவலி அப்படியே இருக்கிறது. ஸ்டெல்லா நலம். புளிமூட்டை சார் இன்னும் சைக்கிளில்தான் போகிறார். "அந்தக் கொடிமுடிச்சுக்காரன் எங்கலே?" என்று உன்னைக் கேட்டார்.

சங்கதிக்கு வருகிறேன். பதினைந்தாம் தேதி எங்கள் வீட்டில் எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும். காலையில் ஆரோபண மாதா திருநாள் பூசை, முடிந்ததும் கோயில் முற்றத்தில் கொடியேற்றம், ஆரஞ்சு மிட்டாய். சாயங்காலம் ஜெபமாலை. மாதா மோட்சத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட நாலாம் தேவ ரகசியம் வந்ததும் அப்பா நிறுத்தி, "இந்தப் பத்து மணியும் நாட்டுக்கு" என்பார். ஒரு வருஷம் உன்னைச் சொல்லச் சொல்லி, நீ மணிக்கொன்றாக எண்ணத் தெரியாமல் பதினாலு அருள் நிறைந்த மந்திரத்தில் கொண்டுபோய் விட்டாயே! அப்பா போன பிறகு ஜெபமாலை தொடர்ந்தது, அந்த நிறுத்தம் மட்டும் நின்றுபோனது. டிவியில் செங்கோட்டை, பாயசம், தூக்கம்.

இந்த வருஷம் பதினாலாம் தேதி ராத்திரி அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடைத்தது. 1963-லிருந்து 2010 வரை ஆகஸ்ட் 15-க்கு ஒரு வரி வீதம், யாருக்காக அந்தப் பத்து மணி என்று அப்பா எழுதியிருக்கிறார். 1963: "பனியில் செத்த சிப்பாய்களுக்கு." 1965: "தனுஷ்கோடி ரயிலில் போனவர்களுக்கு." 1969: "பாலன் பிறந்த ராத்திரியில் வெண்மணியில் எரிந்த 44 பேருக்கு." 1983: "அக்கரையில் இருப்பவர்களுக்கு." சத்தமாகச் சொன்னது "நாட்டுக்கு" என்ற ஒரு வார்த்தைதான். இத்தனை பேரை உள்ளே வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார் மனுஷன். 1975-க்கு நேரே எழுத்தே இல்லை. ஒரு சிலுவைக்குறி மட்டும்.

கல்கத்தா பேலியகட்டாவில் நீ கூட்டிப்போய்க் காட்டிய வீடு ஞாபகம் வந்தது. 1947-இல் டெல்லி கொண்டாடிக்கொண்டிருக்க, காந்தி அங்கே சாப்பிடாமல் ராட்டையும் பிரார்த்தனையுமாக உட்கார்ந்திருந்தார், அவருடைய செயலாளர் மகாதேவ் தேசாய் செத்து அன்றோடு ஐந்து வருஷம் என்றாய். கல்யாண வீட்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கும் பெரியப்பா மாதிரி என்று நான் கிண்டலடித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சரி, விட்டதைத் தொடங்குவோம் என்று நாலாம் ரகசியத்தில் நிறுத்தி, ஆளுக்கொருவர் யாருக்காக என்று சொல்லச் சொன்னேன். பையன் "எனக்கு வேலை கிடைக்க" என்றான். சிரித்தோம். மகள், "கழிவுத் தொட்டியில இறங்கிச் செத்தவங்களுக்கு. இறக்கக் கூடாதுன்னு 2013-லயே சட்டம் வந்தாச்சு, இன்னும் இறக்குறாங்க" என்றாள். ஸ்டெல்லாவின் தம்பிக்குப் பொறுக்கவில்லை. "நல்ல நாளும் அதுவுமா எதுக்கு அத்தான் ஜெபத்துல அரசியல்?" மகள் விடுவாளா? மெழுகுவத்தி பாதி உருகும்வரை சண்டை. பாயசம் ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது.

நான் நோட்டைக் கொண்டுவந்து வாசித்தேன். மச்சினன் வெண்மணி வரியோடு அடங்கிவிட்டான். 1975 வந்ததும், "தபாலாபீஸ் வேலை, நெருக்கடி நேரம், அப்பா பயந்திருப்பாங்க" என்றேன்.

கண்ணை மூடிச் சாய்ந்திருந்த அம்மா, "அவர் எங்க பயந்தார்? நான்ல பேனாவப் புடுங்கினேன்" என்றாள்.

என்ன எழுத வந்தார் என்று கேட்டேன்.

"எழுத விடாதவளுக்கு எப்படிலே தெரியும்?"

அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. பாக்கி மணிகளை அம்மாவே சொல்லி முடித்தாள்.

நோட்டில் இந்த வருஷத்து வரி இன்னும் காலி. மகள் சொன்னதை எழுதலாம் என்றால் மச்சினன் மனத்தாங்கல், எழுதாவிட்டால் மகள் என் முகத்தில் முழிக்க மாட்டாள். இரண்டு நாளாகப் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். நீ என்ன எழுதுவாய்? ஒரு வரி அனுப்பு. மணியை நான் எண்ணிக்கொள்கிறேன்.

உன்,
சூசை