பகாவ் சொந்தங்களுக்கு, ஒரு கோப்பியைப் பற்றி

மலேசியா, நெகிரி செம்பிலான், பகாவ் பட்டணத்துச் சொந்தங்களே,

ஜனவரியில் எங்கள் வீட்டில் நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு வாய் வராது. நாற்பதாம் நாள் பூசை நேற்று முடிந்தது. நான் சொல்லச் சொல்ல, பேத்திதான் போனில் தட்டுகிறாள்.

முதலில் ஒட்டுமொத்தமாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அடுப்பு மூட்டவிடாமல் முறை வைத்துச் சோறு கொண்டுவந்த அன்பியத்து (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குழு) ஆட்கள், பந்தலையும் நாற்காலியையும் பெரிய குண்டானையும் கேட்காமலே இறக்கிவிட்டுப் போன மாரியம்மன் கோயில் தம்பிகள், என் கோழிகளைத் தன் கோழிகளோடு சேர்த்து மேய்த்த அடுத்த வீட்டு மலாய் அம்மா மக்சிக், கடன் நோட்டை மூடிவைத்துவிட்டு "பிறகு பார்க்கலாம்" என்ற மளிகைக்கடை முதலாளி தவுக்கே, எல்லாருக்கும் நன்றி. பகாவ் என்றால் பழைய கத்தோலிக்கருக்குப் பசிதான் ஞாபகம் வரும். ஜப்பான்காரன் காலத்தில், 1943 கடைசியில் தொடங்கி, சிங்கப்பூர்க் கத்தோலிக்கர்களைக் கொண்டுவந்து இங்கே காட்டை வெட்டிப் பிழைக்கச் சொன்னார்கள். மலேரியாவில் எத்தனையோ பேர் போனார்கள். அவர்களோடு வந்த ஆயர் தெவால்ஸும் 1945 ஜனவரியில் இறந்துபோனார். அதே ஊரில்தான் எனக்கு ஒரு வேளைச் சோறுகூடத் தவறவில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக.

போன மாதக் கடைசியில் அன்பியத்துக்காரர்கள் என்னை வேனில் ஏற்றி மூன்று நாள் மௌன தியானத்துக்கு அனுப்பினீர்களே, அன்று நான் போட்ட சண்டை உங்களுக்கு மறந்திருக்காது. "பேச ஆளில்லாமல் செத்துக்கொண்டிருக்கிறவளை வாயைக் கட்டிப் போடவா அனுப்புகிறீர்கள்?" என்று கேட்டேன். புனித இஞ்ஞாசியார் வகுத்த தியானம் முப்பது நாளாம். "உங்களுக்கு மூன்றே நாள்தான்" என்று ஃபாதர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போர்ட் டிக்சன் பக்கம், கடல் சத்தம் கேட்கிற இடம். பெயர் போட வேண்டாம் என்று சிஸ்டர்மார் சொல்லிவிட்டார்கள். இரவு செபம் முடிந்ததும் விளக்கை அணைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு காலைப் பூசை வரை சிஸ்டர்மாரும் பேசமாட்டார்கள். எனக்கோ முப்பத்து நாலு வருடம் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டிய உடம்பு. விடியுமுன் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகிற பழக்கத்தில் நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடும். ரப்பரை அழித்துச் செம்பனை வைத்து எத்தனையோ வருடம் ஆகிறது, அது இந்த உடம்புக்குத் தெரிந்தால்தானே! முதல் நாள் நாலு மணிக்குச் சமையற்கட்டுக்குப் பின்னால் இருந்த படியில் போய் உட்கார்ந்தேன். அழக்கூட வரவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே விளக்கு எரிந்தது. ஒரு வயதான சிஸ்டர் கதவைத் திறந்து பார்த்தார். யார், என்ன, ஏன் தூங்கவில்லை, எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய், பச்சைப் பூப் போட்ட மங்குக் கோப்பையில் பாலில்லாத கோப்பி ஓ கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார். கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"சீனி?"

நான் இனிப்புநீர் (சர்க்கரை) வியாதிக்காரி. சீனி போட்டுக் கோப்பி குடித்து ஏழெட்டு வருடம் இருக்கும். தலையை ஆட்டிவிட்டேன். ரெண்டு கரண்டி போட்டார். ஜனவரிக்குப் பிறகு நாக்கில் ருசி தெரிந்தது அன்றைக்குத்தான். (கிளினிக் மிஸ்ஸி இதைப் படித்தால் மன்னிக்கவும்.) அடுத்த ரெண்டு நாளும் நாலு மணிக்குக் கோப்பி எனக்கு முன்னாலேயே படியில் வந்து காத்திருந்தது, ஆறிவிடாமல் மேலே ஒரு சாசரை மூடி. கடைசி நாள் ரெண்டு கோப்பை இருந்தது. சிஸ்டரும் படியில் உட்கார்ந்தார். ரெண்டு பேரும் குடித்தோம். அவ்வளவுதான் நடந்தது.

என்னால் அந்த அம்மா மௌனத்தை மீறிவிட்டாரே என்று மனதுக்குள் உறுத்தல். திரும்பும்போது ஃபாதரிடம் சொன்னேன். அவர் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) எழுதிய ஒழுங்கைப் பற்றிச் சொன்னார். கிட்டத்தட்ட 1,500 வருடத்துக்கு முன்னால் மடங்களுக்காக எழுதியது, மொத்தம் 73 அதிகாரம். இந்த இரவு மௌனம் அதில் 42-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மௌனத்தை மீறினால் கடுமையான தண்டனையாம். ஆனால் விருந்தாளிக்கு ஒரு தேவை வந்தால் பேசலாம், அதுவும் அடக்கமாக என்று அங்கேயே எழுதிவைத்திருக்கிறார். ஒரு வார்த்தைக்கு மேல் அடக்கம் வேறு என்ன இருக்கிறது? சிஸ்டர் ஆசீர்வாதப்பர் சபையைச் சேர்ந்தவர் இல்லை. இருந்தாலும் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

அதே ஒழுங்கிலிருந்து ஃபாதர் இன்னொன்றும் சொன்னார். மடத்து வாசல் காக்க விவரமான ஒரு வயசாளியைத்தான் வைக்க வேண்டுமாம், அங்கே இங்கே சுற்றாமல் இருக்கிற ஆளாக. ஏழை கூப்பிட்டாலும் யார் தட்டினாலும் அவர் உடனே "இறைவனுக்கு நன்றி" என்று பதில் சொல்ல வேண்டுமாம். நம் வீட்டில் இரவு பத்து மணிக்குத் தட்டினால் "யாருடா அது?" என்றுதான் கேட்போம். வந்தவன் நன்றி சொல்வதற்கு முன்னால் திறக்கிறவன் சொல்லிவிடுகிறான், பாருங்கள். இதை இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

எத்தனை துக்க வீடுகளில் நான் "எப்படி ஆச்சு, எத்தனை மணிக்கு, யார் முதலில் பார்த்தது" என்று கேட்டிருக்கிறேன்! தப்பாக நினைத்துக் கேட்டதில்லை, கேட்பதுதான் மரியாதை என்று நினைத்தேன். அந்த வீட்டுக்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும். இனிமேல் கேட்க மாட்டேன். நாலு மணிக்கு எப்படியும் எழுந்துவிடுகிறேன், என் வீட்டில் விளக்கு எரியும். தூக்கம் வராதவர் யாராக இருந்தாலும் பின்வாசல் படிக்கு வாருங்கள். கோப்பி இருக்கும்.

அப்புறம் ஒரு விஷயம். துணி அடுக்குகிற அவசரத்தில் அந்த மங்குக் கோப்பை என் பைக்குள்ளே வந்துவிட்டது. வருகிற சனிக்கிழமை சிரம்பான் போய், அங்கே போர்ட் டிக்சன் பஸ் மாறி, நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். கூட வருகிறவர்கள் வெள்ளிக்குள் சொல்லுங்கள். பஸ்ஸில் பேசிக்கொண்டே போகலாம்.