2024–2025ஆம் ஆண்டிற்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வருகை தந்திருக்கும் உறுப்பினர் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது மன்றத்தின் ஓராண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன். சுதந்திர தினத்தன்றும் குடியரசு தினத்தன்றும் கொடியேற்றப்பட்டது. கண் பரிசோதனை முகாம் வழக்கம்போல் நடைபெற்றது. படிப்பகத்தின் கூரை ஒழுகல் அடைக்கப்பட்டுள்ளது. அது அடைபட்டதா என்பதை வரும் ஐப்பசியில்தான் உறுதியாகச் சொல்ல இயலும்.

தலைவர்களின் பிறந்தநாள் விழாக்களை நடத்தும் முறையை மாற்றியதே இவ்வாண்டின் முதன்மைப் பணியாகும். படத்துக்கு மாலை, ஒலிபெருக்கியில் பாட்டு, பெற்றோர் எழுதிக் கொடுத்து மாணவர் ஒப்பிக்கும் பேச்சு, கையில் ஒரு லட்டு என்று இவ்விழாக்கள் ஒரு மணி நேரத்தில் முடிந்து வந்தன. தலைவரின் பெயரை மட்டும் மாற்றினால் எந்த மாதத்துக்கும் பொருந்தக்கூடியவை அந்தப் பேச்சுகள். அவற்றுக்குப் பதிலாக, ஒவ்வொரு மாணவரும் ஒரு தலைவர் செய்த ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது, யார் எதிர்த்தார்கள், முடிவில் என்ன ஆயிற்று என்பதைப் படிப்பக நூல்களிலிருந்து தேடி எழுதி வாசிக்க வேண்டும் என முன்மொழிந்தேன். பிளக்ஸ் பலகையும் ஒலிபெருக்கியும் இல்லாத விழா ஒரு விழாவா என்று செயற்குழுவில் கேட்கப்பட்டது. முந்தைய ஆண்டுப் பலகையில் தலைவரின் முகத்தைவிட நன்கொடையாளர்களின் முகங்கள் பெரிதாக இருந்ததை நினைவூட்டிய பின்னரே அந்த விவாதம் நின்றது.

செப்டம்பர் 5ஆம் நாள் வ.உ.சிதம்பரனார் பிறந்தநாளில் இம்முறை தொடங்கப்பட்டது. 'கப்பலோட்டிய தமிழன்' என்ற பட்டத்தோடு நின்றுவிடாமல், அந்தக் கப்பல் எப்படி வந்தது என்பதை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் விளக்கினார். 1906இல் பதிவான சுதேசிக் கப்பல் நிறுவனத்தின் மூலதனம் 10 லட்சம் ரூபாய் என்றும், அது 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது என்றும், அந்தப் பங்குகளை விற்க அவர் ஊர் ஊராகச் சென்றார் என்றும் அம்மாணவி வாசித்தபோது அரங்கில் பேச்சுச் சத்தம் அடங்கியது. எதிர்நிறுவனமான ஆங்கிலேயர் கப்பல் நிறுவனம் தூத்துக்குடி–கொழும்புக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், இலவசமாக ஏற்றிச் சென்று குடையும் கொடுத்ததாகச் சொல்லப்படும் செய்தி சிறுவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. தூத்துக்குடி கோரல் நூற்பாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம், 1908ஆம் ஆண்டுக் கைது, கோவைச் சிறையில் இழுத்த செக்கு ஆகியவை நாம் அறிந்தவை. அவர் சிறையில் இருந்தபோதே நிறுவனம் தள்ளாடி, 1911இல் கலைக்கப்பட்டதை நம்மில் பலர் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டோம். கைதட்டியவர்கள் ஏராளம், பணம் போட்டவர்களும் கடைசிவரை உடன் நின்றவர்களும் குறைவு. இவ்வரியை அம்மாணவி எழுதவில்லை, நானே சேர்க்கிறேன்.

ஜூலையில் காமராசர் பிறந்தநாளும் அதே மாத இறுதியில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்தநாளும் பழைய முறையிலேயே நடந்துவிட்டன. ஏப்ரலில் அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளில் வாசிக்கப்பட்ட கட்டுரையை மட்டும் உறுப்பினர்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது என் கடமை. அரசியலமைப்பு வரைவுக் குழுவில் ஏழு பேர் இருந்தனர். அவர்களில் ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், ஒருவர் சமஸ்தான வேலைகளில் மூழ்கினார், ஓரிருவர் டெல்லிக்கு வெகு தொலைவில் இருந்தனர். ஆகவே வரைவின் சுமை முழுவதும் அம்பேத்கர் ஒருவர் மீதே விழுந்தது என்று, அரசியல் நிர்ணய சபை உறுப்பினர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1948 நவம்பரில் அச்சபையில் கூறினார். இதை நம் செயற்குழுவோடு ஒப்பிடும் துணிவு எனக்கில்லை. எனினும், செயற்குழுக் கூட்டங்கள் பலமுறை போதிய எண்ணிக்கையின்றி ஒத்திவைக்கப்பட்டன என்பதும், அழைப்பிதழ் எழுதுவது, நாற்காலி எடுத்துப் போடுவது, கூட்டம் முடிந்து பூட்டிச் செல்வது ஆகியவற்றைப் பெரும்பாலும் ஒருவரே செய்தார் என்பதும் பதிவேட்டில் உள்ளன.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக உள்ளன. சிறு பற்றாக்குறை செயலாளரின் கைப்பணத்திலிருந்து தற்காலிகமாக ஈடுகட்டப்பட்டுள்ளது. மாதச் சந்தா 50 ரூபாய் மட்டுமே. தலைவர்களின் தியாகத்தைப் பற்றி நம் மேடையில் கண்ணீர் மல்கப் பேசிய சிலரின் சந்தா ஆண்டுக் கணக்கில் நிலுவையில் உள்ளது. பெயர்களைக் குறிப்பிடுவது மரபன்று. பதிவேடு மேசைமீது திறந்தே இருக்கிறது.

இடம் தந்து உதவிய பள்ளி நிர்வாகத்துக்கும், நூல்கள் வழங்கிய அன்பர்களுக்கும், தேநீர் வழங்கிய கடைக்காரருக்கும், கட்டுரை வாசித்த மாணவர்களுக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் அந்தக் கட்டுரைகளைச் சிறு தொகுப்பாக அச்சிட்டு ஊர்ப் பள்ளிகளுக்கு இலவசமாக வழங்க எண்ணம் உள்ளது. நிலுவைச் சந்தா வந்து சேர்ந்தால் அச்சுச் செலவுக்கு அதுவே போதும். வராவிட்டால் மீண்டும் மாலையும் லட்டும்தான். என் உடல்நிலையையும் வீட்டுப் பொறுப்புகளையும் கருதி இப்பதவியிலிருந்து விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மாணவர் கட்டுரைப் பணியைத் தொடர ஒருவர் முன்வந்தால் சாவியை இன்றே ஒப்படைக்கிறேன். எவரும் முன்வராத நிலையில் பொதுக்குழு வற்புறுத்துமானால், முடிவைப் பொதுக்குழுவிடமே விட்டுவிடுகிறேன். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே அமர்ந்திருக்கிறார். தேநீரும் அங்கேயே வழங்கப்படும்.

இங்ஙனம்,
செயலாளர்