அலமாரியில் இருக்கிறது, திரையில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பல்கலைக்கழக நூலகம் கோஹா என்ற புதிய பட்டியல் மென்பொருளுக்கு மாறியதைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை அரைப்பக்கம் எழுதியிருந்தீர்கள். துணைவேந்தர் மவுஸைப் பிடித்திருக்கும் படம் நன்றாகவே வந்திருந்தது. இனி எந்த நூலையும் ஒரே சொடுக்கில் கண்டுபிடிக்கலாம் என்று மேடையில் சொன்னதை அப்படியே அச்சிட்டுவிட்டீர்கள். செய்தியாளர் அந்தத் தேடல் பெட்டியில் ‘பௌத்தம்’ என்று ஒருமுறை தட்டிப் பார்த்திருந்தால், அலமாரியில் இருக்கும் நூல் திரையில் வராததைக் கண்டிருப்பார்; செய்தி வேறு மாதிரி வந்திருக்கும்.

காரணம் தாங்கள் அறியாததல்ல. அச்சுத் தொழிலில் இருப்பவர்கள் எழுத்துருவோடு படாத பாடா? பழைய பட்டியலின் தமிழ்ப் பதிவுகள் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. அவற்றில் பலவற்றில் ஔகாரக் குறியின் வலப்பக்கத் துண்டுக்கும் ‘ள’வுக்கும் ஒரே விசைதான். ஒருங்குறிக்கு மாற்றும் நிரல் அதை ‘ள’ என்றே எடுத்துக்கொண்டுவிட்டது. பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, கணினிக்கு அது வேறு சொல். சரிசெய்ய வழி உண்டு. ஒற்றைக்கொம்பை அடுத்து, மேலே புள்ளியோ பக்கத்தில் உயிர்க்குறியோ இல்லாத வெறும் ‘ள’ வரும் இடங்களை மட்டும் பட்டியலிட்டு, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்துத் திருத்த வேண்டும். மொத்தமாக மாற்றினால் ‘வெளி’யும் ‘தெளிவு’ம் கெட்டுப்போகும். ‘ஸ்ரீ’ இன்னொரு தலைவலி. ‘ஸ’வை வைத்தும் எழுதலாம், 2005இல் ஒருங்குறியில் சேர்ந்த ‘ஶ’வை வைத்தும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். தலபுராணம் தேடுகிறவர்கள் பாவம்.

மென்பொருளைக் குறை சொல்ல மாட்டேன். கோஹா நல்ல மென்பொருள். நியூசிலாந்தில் ஒரு சிறிய நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000இல் பொதுவுக்கு வந்த இலவச மென்பொருள். அதை நிறுவும்போதே தேடல் அகரவரிசை எழுத்துகளை எப்படிக் கையாள வேண்டும் என்று தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் போதுமான முறையை விட்டுவிட்டு பல மொழி எழுத்துகளையும் கையாளும் ஐசியு முறையைத் தேர்ந்தால், ‘கொ’வை ஒரே குறியீடாகத் தட்டினாலும் கொம்பும் காலுமாக இரண்டாகத் தட்டினாலும் ஒன்றாக எடுத்துக்கொள்ளச் செய்யலாம். இப்போது மாற்றினாலும் தப்பில்லை. மாற்றிவிட்டுத் தேடல் அட்டவணை முழுவதையும் மறுபடி உருவாக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் விழா மேடைக்குப் பந்தல் போட்டார்கள்.

எழுத ஆரம்பித்துவிட்டேன், மற்றதையும் சொல்லிவிடுகிறேன். அலமாரியில் நூலின் இடத்தைச் சொல்லும் அழைப்பு எண்கள், நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் கோலன் பகுப்பில் இருந்தவை. நூலக அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது 1933இல் வெளியிட்ட முறை அது. அதன் பிந்தைய பதிப்புகளில் காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. தமிழ் இலக்கியத்துக்கான O31ஐ அடுத்துக் காற்புள்ளி. அதன் பின் 1 என்றால் கவிதை, 2 என்றால் நாடகம், 3 என்றால் புனைகதை. பதிவுகளை எக்செல் தாளாக்கி, அதே காற்புள்ளியை நெடுவரிசைப் பிரிப்பானாக வைத்து, மேற்கோள் குறிக்குள்கூட அடைக்காமல் ஏற்றியிருக்கிறார்கள். காற்புள்ளிக்குப் பின்னால் இருந்ததெல்லாம் அடுத்த நெடுவரிசைக்குத் தள்ளப்பட்டது. இன்று கவிதையும் நாவலும் ஒரே மொட்டை எண்ணில் நிற்கின்றன. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அரங்கநாதனின் நான்காம் விதி. வாசலில் அவர் படம் மாட்டியிருக்கிறது, மாலையும் வாடாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

சிறு வெளியீடுகள் ஐந்தாறைச் சேர்த்து ஒரே கட்டடமாக (பைண்டாக) கட்டி வைப்பது பழைய வழக்கம். அட்டைப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் தனி அட்டை இருந்தது. புதிய ஏற்பாட்டில் ஒரு கட்டடத்துக்கு ஒரு பார்கோடு, அது முதல் தலைப்போடு மட்டும் ஒட்டிக்கொண்டது. மீதித் தலைப்புகளைத் திறந்தால் பிரதி இல்லை என்று வருகிறது. மார்க் எனும் கணினிப் பட்டியல் பதிவில் 773ஆம் புலத்தில் (விவரப் பகுதியில்) தாய்க் கட்டடத்தைக் குறித்து இணைத்தால் தீரும் விஷயம் இது. ஆசிரியர் பெயர்களும் அப்படியே: சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாதையர், உ.வே.சா. என்று ஒருவரே பல பேராகப் பிரிந்து கிடக்கிறார். ஒரு பெயரை நிலைப்படுத்தி, மற்றவற்றை அதன் பெயர்ப் பதிவில் 400ஆம் புலத்தில் போடுவது நூலக அறிவியல் மாணவருக்குச் சொல்லித்தரும் பாடம். ‘மணிமேகலை’ என்று தேடினால் முதல் பக்கம் முழுக்க வெளிநாட்டு ஆய்விதழ்க் கட்டுரைகள். ‘இந்நூலகத்தில் உள்ளவை மட்டும்’ என்ற கட்டம் ஓரத்தில் இருக்கிறது, அது தானாக டிக் ஆகி வருமாறு வைக்க ஆளில்லை.

இதெல்லாம் வெறும் தேடல் சங்கடம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். கேட்டால் ஊழியரும் திரையைப் பார்த்து “இல்லை” என்கிறார். அலமாரிப் பக்கம் போவதில்லை. திரையில் அகப்படாத நூல் இரவலுக்குப் போகாது. இரவலுக்குப் போகாத நூல், நெடுநாள் யாரும் எடுக்காதவை என்ற பட்டியலில் ஏறும். அந்தப் பட்டியலை வைத்துத்தான் கழிவு செய்கிறார்கள். முன்பு ஒருமுறை கழிவு செய்த பழைய இதழ்த் தொகுதிகள் எடைக்குப் போனதைப் பற்றி எழுதினேன்; இடமின்மையால் தாங்கள் வெளியிடவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

பட்டியல் அட்டைப் பெட்டிகளை, அட்டை கோத்த கம்பியோடு சேர்த்துப் பின்கட்டில் போட்டிருக்கிறார்கள். மழைக்காலம் வருகிறது. கணினிப் பதிவுகளை, நூலகத்துக்கு வந்த நூல்களைக் குறிக்கும் சேர்க்கைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு முடிக்கும் வரை அந்தப் பெட்டிகளை வாசகர் கூடத்தில் வைக்கவும், அதுவரை கழிவுப் பட்டியல் எடுக்காமல் இருக்கவும் நூலகத்தைக் கேட்டு நாலு வரி எழுதுங்கள். அரைப்பக்கம் வேண்டாம்.

பெயரை வெளியிட வேண்டாம். அங்கே இன்னும் நூல் எடுக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்