அகல் அணைவதற்குக் காற்று மட்டும் காரணமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருக்கார்த்திகை அன்று மாலை 6 மணிக்குத் திருவண்ணாமலை மலைமேல் மகாதீபம் ஏறியதும் வீடுகளில் அகல் ஏற்றுகிறோம். அரை மணியில் பாதி அணைந்துவிடுகிறது. காற்றைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் கோளாறு புது அகலில்தான். சுட்ட மண் எண்ணெயைக் குடித்துவிடும்.

வாங்கிய அகல்களை முதல் நாளே தண்ணீரில் மூழ்க வையுங்கள். பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். அது நின்ற பிறகும் ஐந்தாறு மணி நேரம் ஊறட்டும். பிறகு துடைத்து, நிழலில் கவிழ்த்து மேல் ஈரத்தை மட்டும் போக்கினால் போதும். எண்ணெய் ஊற்றும் குழியில் ஈரம் நின்றால் திரி படபடவெனப் பொரிந்து அணையும்.

இரண்டு பஞ்சுத் திரிகளைச் சேர்த்து முறுக்கி, எண்ணெயில் முழுக்க நனைத்த பிறகே ஏற்ற வேண்டும். நுனி கால் அங்குலம் வெளியே இருக்கட்டும். நீண்டால் புகைந்து சுவரில் கரி படியும். எண்ணெயை விளிம்புவரை ஊற்றாதீர்கள். மூக்கு வழியே கசிந்து கோலம் கெடும், படியும் வழுக்கும்.

பண்டிகை முடிந்ததும் அகல்களைத் தூக்கிப் போட வேண்டாம். வெந்நீரில் சீயக்காய்த்தூள் போட்டுக் கழுவி எடுத்து வையுங்கள். எண்ணெய் ஊறிப் பழகிய அகல் அடுத்த ஆண்டு இன்னும் நேரம் நின்று எரியும்.

– வாசகர், கும்பகோணம்